பங்காளிச் சண்டை: ஒரே ஃபார்முலா 1 அணியில் இரண்டு டிரைவர்கள்

ஒரு ஃபார்முலா 1 ரேஸில் ஜெயித்தால் 25 புள்ளி, இரண்டாவது வந்தால் 18. ஒரே அணியின் இரண்டு கார்களும் முதல் இரண்டு இடங்களில் முடித்தால் அணியின் கணக்கில் 43 ஏறும். அந்த இருவரில் யார் முன்னால் வந்தாலும் 43 மாறாது. டிரைவரின் கணக்கு வேறு. முன்னால் முடித்தால் சக டிரைவரைவிட 7 கூடுதல், பின்னால் முடித்தால் 7 குறைவு. ஆக, இடம் மாறினால் இருவருக்கும் இடையே 14 புள்ளி புரள்கிறது. அணிக்கு ஒன்றுமே இல்லாத ஒரு விஷயம் டிரைவருக்கு 14 புள்ளி. சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது. குணம், கர்வம், உடைந்த நட்பு என்று நாம் படிப்பதெல்லாம் இதன் மேல் வளர்ந்தவை.

அடுத்த அணிக்காரரோடு இருப்பது பகை. சக டிரைவரோடு இருப்பது பங்காளிச் சண்டை. சொத்து பொதுவாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை, பிரிக்கும்போதுதான் வரும். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து எந்தெந்தப் பொருள் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று பார்த்தால், அடுத்த தகராறு எங்கே வெடிக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலில் புதிய பாகங்கள். முன் இறக்கை, தரைத்தளம் போன்றவை கார்பன் ஃபைபரில் அடுக்கு அடுக்காகச் செய்து அழுத்தத்திலும் வெப்பத்திலும் பதப்படுத்தப்படுபவை. அவசரத்துக்கு நாலு செய்து வாங்கிவிட முடியாது. புது வடிவம் தயாராகும்போது பல நேரம் ஒரு காருக்குத்தான் கையில் இருக்கும், அல்லது இரண்டு இருந்தாலும் உதிரி இருக்காது. 2010 சில்வர்ஸ்டோனில் ரெட் புல் அப்படித்தான் இரண்டு புது முன் இறக்கைகளோடு வந்தது, ஆளுக்கு ஒன்று. சனிக்கிழமைப் பயிற்சியில் செபாஸ்டியன் வெட்டலுடைய இறக்கை கழன்று பழுதானது. மிச்சமிருந்த ஒன்றை மார்க் வெப்பர் காரிலிருந்து கழற்றி வெட்டல் காரில் மாட்டினார்கள். வெட்டல் சாம்பியன்ஷிப் பட்டியலில் முன்னால் இருக்கிறார் என்பது அணி சொன்ன காரணம். அந்த அளவுகோலில் தப்பில்லை. ஆனால் இறக்கை உடைவதற்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும். உடைந்த பிறகு சொல்லும் எந்த நியாயமும் ஆளைப் பார்த்துச் சொன்னதாகத்தான் கேட்கும். வெப்பர் பழைய இறக்கையோடு அந்த ரேஸை ஜெயித்தார். இரண்டாம் நம்பர் டிரைவருக்கு இது பரவாயில்லைதானே என்று அவர் ரேடியோவில் சொன்னது இன்றும் பேசப்படுகிறது.

அடுத்தது டேட்டா. இங்கே சிக்கல் நேர் எதிரானது: இரண்டு பேரும் உழைத்துச் சேர்த்ததை இரண்டு பேரும் பார்க்கலாம். பயிற்சி முடிந்த மாலையில் இருவரின் லேப்பையும் (தடத்தின் ஒரு முழுச் சுற்று) ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கோடுகளாகப் பார்ப்பார்கள். வேகம், ஆக்சிலரேட்டர், பிரேக் அழுத்தம், ஸ்டீயரிங் கோணம், கியர் எல்லாம் தனித்தனிக் கோடு. அடியில் ஒரு கோடு, யார் எந்த மீட்டரில் எவ்வளவு நேரம் இழக்கிறார் என்று காட்டும். அந்த அடிக்கோடு எங்கே சரிகிறதோ அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரேக்கைச் சீக்கிரம் மிதித்ததாலா, வளைவின் நடுவில் வேகம் குறைந்ததாலா, வெளியேறும்போது பின் டயர் வழுக்கி ஆக்சிலரேட்டரை விட வேண்டியிருந்ததாலா என்பது மேலே உள்ள கோடுகளில் தெரிந்துவிடும்.

இதில் எது களவு போகும், எது போகாது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. பிரேக் மிதிக்கும் இடத்தை ஒரே இரவில் கற்றுக்கொள்ளலாம். எந்த வளைவில் எந்த கியர், தடத்தோரத்துக் கட்டையான கர்பில் எதை மிதிக்கலாம், பின் சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலை எத்தனையில் வைத்தார், பிரேக் பங்கீட்டை முன்னுக்கு எவ்வளவு தள்ளினார் என்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். பிரேக்கை விடும் விதத்தை மட்டும் அவ்வளவு எளிதில் எடுக்க முடியாது. உச்ச அழுத்தத்திலிருந்து கால் மெல்ல மேலே வர, அதே நேரம் கை ஸ்டீயரிங்கைத் திருப்ப, முன் டயரில் உள்ள பாரம் பின்னுக்கு நழுவுகிறதே, அந்தச் சரிவின் வடிவம் ஒருவருடைய உடம்பில் ஊறியது. கோட்டைப் பார்த்து அதைப் போலவே செய்யப் போனால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், இல்லை பின்பக்கம் சுழலும். அதனால்தான் டேட்டா முழுவதையும் பகிர்ந்த பிறகும் 0.2 நொடி இடைவெளி அப்படியே நிற்கும் ஜோடிகள் உண்டு. கைச்சரக்கைக் காட்ட விரும்பாத டிரைவர் பயிற்சியில் முழு வேக லேப்பை ஒரே சுற்றில் கோக்க மாட்டார். ஒரு லேப்பில் முதல் பகுதியை மட்டும் முயன்று பார்ப்பார், இன்னொன்றில் கடைசிப் பகுதியை. ரேஸ் தொடங்கும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்று தொடங்கியதும் காரின் அமைப்பு கிட்டத்தட்ட முழுவதும் பூட்டப்படும். முன் இறக்கை மடலின் கோணம் போல ஒன்றிரண்டைத்தான் மாற்ற விடுவார்கள். அதற்குப் பிறகு ரகசியம் தெரிந்தாலும் சக டிரைவர் காரை மாற்ற வழியில்லை.

சக டிரைவரை இவ்வளவு தூரம் கவனிக்கக் காரணம் எளியது. வேறு அணிக்காரரிடம் தோற்றால் கார் மேல் பழி போடலாம். அதே காரை ஓட்டுபவரிடம் தோற்றால் பழி போட இடமே இல்லை. அடுத்த ஒப்பந்தம், அடுத்த சம்பளம், வேறு அணி கூப்பிடுமா என்பதெல்லாம் இந்த ஒரு ஒப்பீட்டைப் பார்த்துத்தான்.

ஆனால் அந்த ஒப்பீட்டைப் பலர் தப்பாகச் செய்கிறார்கள். ஒருவர் தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தோடு வெளியேறி, இன்னொருவர் மூன்றாம் கட்டம்வரை போனால், கடைசி நேரங்களை நேராகக் கழிக்கக் கூடாது. ஓட ஓட ரப்பர் படிந்து தடம் வேகமாகிக்கொண்டே போகும். இருவரும் சேர்ந்து ஓடிய கடைசிக் கட்டத்தின் நேரத்தை எடுக்க வேண்டும். நொடியைவிடச் சதவீதம் மேல். ஏனென்றால் ஆஸ்திரியாவில் ஒரு லேப் 65 நொடியைச் சுற்றித்தான், ஸ்பாவில் அது 100 நொடிக்கும் மேல். சீசன் முழுவதற்கும் சராசரி எடுத்தால் வேகத்தைக் குறை என்று எச்சரிக்கும் மஞ்சள் கொடியில் கெட்டுப்போன ஒரே லேப் எல்லாவற்றையும் இழுத்துவிடும். வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுப்பதுதான் சரி. ரேஸ் வேகத்தை ஒப்பிடும்போது எரிபொருளை மறந்துவிடாதீர்கள். தோராயமாக 10 கிலோ எரிபொருள் ஒரு லேப்புக்கு 0.3 நொடி தின்னும். சுமார் 110 கிலோவோடு 57 லேப் ஓடினால் லேப்புக்கு ஏறக்குறைய 2 கிலோ கரைகிறது, அதாவது லேப்புக்கு 0.06 நொடி கார் தானாகவே வேகமாகிறது. ஒருவருடைய 12ஆவது லேப்பை இன்னொருவருடைய 22ஆவது லேப்போடு வைத்தால், இரண்டாமவருக்கு அரை நொடிக்கும் மேல் இலவசமாகக் கிடைத்திருக்கும். டயரின் வயது தனிக் கணக்கு.

தகுதிச் சுற்றில் பங்கு போட வேண்டியது முன்னால் போகும் கார் கிழித்துக் கொடுக்கும் காற்று. மோன்ஸா போன்ற நீளமான நேர்ப்பாதைகளில் அதன் பின்னால் ஓடினால் நொடியில் பல பத்தில் ஒரு பங்கு மிச்சம். பொதுவாக இந்த வாரம் நீ, அடுத்த வாரம் அவர் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள், அல்லது முதல் ஓட்டம் ஒருவருக்கு, இரண்டாவது மற்றவருக்கு. இரண்டாவது ஓட்டம் நடக்காமலே போனால்? 2019 மோன்ஸாவில் ஃபெராரிக்கு அதுதான் நடந்தது. முதல் ஓட்டத்தில் வெட்டல் முன்னால் போய்ச் சார்ல் லெக்லேருக்குக் காற்றைக் கொடுத்தார். இரண்டாவதில் லெக்லேர் கொடுக்க வேண்டும். யாருமே முன்னால் போக விரும்பாமல் கார்கள் எல்லாம் ஊர்ந்ததில் நேரம் முடிந்து, பெரும்பாலானோர் கடைசி லேப்பைத் தொடங்கவே முடியவில்லை. லெக்லேருக்கு முதல் இடம் நின்றது, வெட்டலுக்கு வர வேண்டிய பாக்கி வராமலே போனது.

அதே மாதம் சோச்சியில் இன்னும் மோசம். லெக்லேர் முதலிடம், லூயிஸ் ஹாமில்டன் இரண்டாவது, வெட்டல் மூன்றாவது. முதல் பெரிய வளைவுவரை நீண்ட நேர்ப்பாதை. லெக்லேர் வழியை மறிக்காமல் வெட்டலுக்குக் காற்றைக் கொடுப்பது, வெட்டல் ஹாமில்டனைத் தாண்டுவது என்று பேச்சு. வெட்டல் ஹாமில்டனைத் தாண்டினார், லெக்லேரையும் தாண்டினார். இடத்தைத் திருப்பிக் கொடு என்று அணி சொன்னபோது, எப்படியும் நான் முந்தியிருப்பேன் என்றார். கடைசியில் லெக்லேரை முதலில் பிட்டுக்கு (டயர் மாற்றும் இடத்துக்கு) அழைத்து, வெட்டலைச் சில லேப்கள் பழைய டயரில் விட்டு, அப்படித்தான் வரிசையை மாற்றினார்கள். வெளியே வந்த சற்று நேரத்தில் வெட்டலின் கார் மின்பகுதி பழுதாகி நின்றது, அதனால் எல்லாரும் வேகத்தைக் குறைத்தாக வேண்டிய மெய்நிகர் சேஃப்டி கார் நேரம் வந்தது, அதில் ஹாமில்டனின் மெர்சிடிஸ் அணி குறைந்த இழப்போடு பிட் செய்து முதல் இரண்டு இடத்தையும் எடுத்துக்கொண்டது.

இந்த மாதிரிப் பேச்சுகளில் எப்போதும் விட்டுப்போவது ஒன்றுதான்: ஒப்பந்தம் எப்போது காலாவதி ஆகும் என்பது. 1989 இமோலாவில் மெக்லாரனின் அய்ர்ட்டன் சென்னாவும் அலென் ப்ரோஸ்டும் முதல் வளைவில் ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று பேசிவைத்தார்கள். கெர்ஹார்ட் பெர்கரின் கார் தம்புரெல்லோவில் மோதித் தீப்பிடித்ததால் ரேஸ் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியது. மறு தொடக்கத்தில் ப்ரோஸ்ட் முன்னால் போனார், டோஸா வளைவில் சென்னா முந்தினார். பேச்சு இரண்டாவது தொடக்கத்துக்கும் செல்லுமா? முதல் வளைவு என்றால் எது? யாரும் எழுதிவைக்கவில்லை. அதே வருடம் அக்டோபரில் சுசுகாவில் இருவரும் மோதிக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். 1982இல் அதே இமோலாவில் ஃபெராரி காட்டிய ‘மெதுவாக’ என்ற பலகையை ஜில் வில்னோவ் இருக்கும் வரிசையிலேயே முடிப்பது என்று எடுத்துக்கொண்டார். டிடியே பிரோனி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, கடைசி லேப்பில் முந்தி ஜெயித்தார். 13 நாள் கழித்து ஸோல்டரில் தகுதிச் சுற்று ஓட்டத்தில் வில்னோவ் இறந்தார். ஒரு சொல்லில் இரண்டு அர்த்தம் இருந்தால் அந்தப் பலகையைக் காட்டவே கூடாது. பின்னாளில் அணிகள் எண்ணுக்கு மாறியதற்கு இது ஒரு நல்ல காரணம். 2013 செபாங்கில் ரெட் புல் சொன்ன ‘மல்ட்டி 21’ என்பது 2ஆம் எண் கார் முன்னால், 1ஆம் எண் பின்னால் என்று பொருள். வெட்டலுக்கு அது தெளிவாகவே புரிந்தது. இன்ஜினைத் தணித்து ஓட்டிக்கொண்டிருந்த வெப்பரை அதையும் மீறி முந்தினார்.

இன்ஜினைத் தணிப்பது என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சக டிரைவர்கள் மோதிக்கொள்ளும்போது டிவியில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கார், ஒரே வேகம் என்று தோன்றும். பெரும்பாலும் அந்தக் கணத்தில் ஒரே வேகம் இருக்காது. 2010 துருக்கியில் முன்னால் போன வெப்பர் எரிபொருளை மிச்சம் பிடிக்கும் நிலைக்கு மாறியிருந்தார். வெட்டல் ஏற்கெனவே சேமித்து வைத்திருந்ததால் இன்னும் ஒரு லேப் முழு பலத்தில் ஓட்ட முடிந்தது. அந்த ஒரு லேப்பில்தான் முந்தப் பார்த்தார், மோதல். வெட்டல் வெளியேறினார், வெப்பர் மூன்றாவது. 2016 ஸ்பெயினில் நிகோ ரோஸ்பெர்க் தொடக்கத்தில் இன்ஜின் நிலையைத் தப்பாக வைத்திருந்தார். மூன்றாம் வளைவிலிருந்து வெளியே வரும்போது அவர் காரில் பலம் வரவில்லை. பின்னாலிருந்த ஹாமில்டன் பெரிய வேக வித்தியாசத்தோடு வலப்பக்கம் நுழைந்தார், ரோஸ்பெர்க் கதவை மூடினார், ஹாமில்டன் புல்லில் இறங்கிச் சுழன்று ரோஸ்பெர்க்கையும் இடித்தார். இரண்டு மெர்சிடிஸும் முதல் லேப்பிலேயே காலி. 18 வயது மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் தன் முதல் வெற்றியைப் பெற்றார். இப்படி ஒரு மோதலைப் பார்த்தால் யார் முரடர் என்று கேட்பதற்கு முன்னால், அந்த நொடியில் யாருக்கு எவ்வளவு குதிரைத்திறன் இருந்தது என்று கேளுங்கள்.

இனி பிட். ஒரு அணிக்கு ஒரே ஒரு பிட் இடம்தான். சேஃப்டி கார் வந்தால் இருவரையும் அடுத்தடுத்து அழைக்க வேண்டியிருக்கும். ஒரு காருக்கு நிற்கும் நேரம் 2 முதல் 2.5 நொடி, பிறகு அது நகர்ந்து அடுத்தது வந்து நிற்க வேண்டும். இரண்டாவது கார் 5 நொடியாவது பின்னால் இருந்தால் இழப்பு அநேகமாக இல்லை. அதைவிட நெருங்கி வந்தால் வரிசையில் நின்று, பின்னால் வரும் வேறு அணிக்காரரிடம் இடத்தைப் பறிகொடுப்பார்.

சாதாரணப் பிட்டில்தான் உண்மையான சோதனை. புது டயர் போட்டவர் முதல் சுற்றிலேயே, தடத்தைப் பொறுத்து, ஒரு நொடிக்கும் மேல் எடுத்துவிடுவார். ஆகவே முதலில் பிட்டுக்கு வருபவர், சற்று முன்னால் இருக்கும் சக டிரைவரைத் தடத்தில் முந்தாமலே தாண்டிவிடலாம். இதைத் தடுக்கத்தான் முன்னால் இருப்பவருக்கே முதல் பிட் என்ற வழக்கம். இந்த வழக்கம் உடைவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: இரண்டாவது டிரைவருக்குப் பின்னால் வேறு அணியின் கார் இருந்து, அது முதலில் பிட் செய்தால் இவரைத் தாண்டிவிடும் என்ற பயம். அப்போது பின்னாலிருப்பவரை முதலில் அழைக்க வேண்டியிருக்கும். அழைத்த உடனேயே அவர் சக டிரைவரை முந்தும் வாய்ப்பும் கூடவே வந்துவிடும்.

2024 ஹங்கேரியில் மெக்லாரன் இதைச் செய்தது. ஆஸ்கர் பியாஸ்ட்ரி முன்னால், லாண்டோ நோரிஸ் பின்னால். பின்னால் வந்த ஹாமில்டனுக்குப் பயந்து நோரிஸைப் பியாஸ்ட்ரிக்கு இரண்டு லேப் முன்னதாக அழைத்தார்கள். நோரிஸ் முதலிடத்துக்கு வந்துவிட்டார். திருப்பிக் கொடுங்கள் என்று அவருடைய இன்ஜினியர் ரேடியோவில் லேப் லேப்பாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். 70 லேப் ரேஸில் 68ஆவது லேப்பில்தான் நோரிஸ் காலைத் தளர்த்தினார். அது பியாஸ்ட்ரியின் முதல் வெற்றி. இதில் டிரைவர்மேல் கோபப்பட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு லேப் வித்தியாசம் வைத்தால் இடம் மாறும் என்று பிட் வாலில் (தடத்தோரம் அணி உட்கார்ந்து முடிவெடுக்கும் இடம்) இருந்தவர்களுக்குக் கணக்கு தெரியும். ஹாமில்டனைத் தடுக்க நோரிஸை அழைத்ததே போதும், பியாஸ்ட்ரியை இரண்டு லேப் காக்கவைக்கத் தேவையில்லை. தாங்கள் போட்ட முடிச்சை ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவரை அவிழ்க்கச் சொன்னார்கள்.

டிரைவர்களில் ஒருவரை நிரந்தரமாக முன்னால் வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்கலாம். அதற்கும் விலை உண்டு. 2024இல் வெர்ஸ்டாப்பன் 437 புள்ளியோடு சாம்பியன். அதே காரில் செர்ஜியோ பெரெஸ் 152, எட்டாவது இடம். சாம்பியனைக் கொண்ட ரெட் புல் அணிப் பட்டியலில் மூன்றாவது. கார் ஒருவருடைய கைக்கு மட்டும் பொருந்தி வளரும்போது, அது தப்பான திசையில் போகிறது என்று சொல்ல இன்னொரு கை இருக்காது.

சமமாக வைத்தால் ஆபத்து மூன்றாமவர். 1986இல் வில்லியம்ஸ் அணிப் பட்டத்தை வென்றது, நைஜல் மான்செல்லும் நெல்சன் பிக்கேயும் ஒருவர் புள்ளியை ஒருவர் தின்றதில் டிரைவர் பட்டம் ப்ரோஸ்டுக்குப் போனது. 2007இல் மெக்லாரனின் ஃபெர்னாண்டோ அலோன்சோவும் ஹாமில்டனும் தலா 109, ஃபெராரியின் கிமி ராய்க்கோனன் 110. அந்த வருடம் ஹங்கேரித் தகுதிச் சுற்றில் ஒரு கூடுதல் லேப்தான் பங்குப் பொருள். கடைசிக் கட்டத்தில் எரிபொருளை எரித்துக் காரை இலேசாக்கும் காலம் அது. அந்த லேப் அலோன்சோவின் முறை; ஹாமில்டன் வழிவிட வேண்டும், விடவில்லை. பதிலுக்குக் கடைசி டயர் மாற்றத்தில், போகலாம் என்ற சைகை கிடைத்த பிறகும் அலோன்சோ சுமார் 10 நொடி பிட்டிலேயே நின்றார். பின்னால் காத்திருந்த ஹாமில்டனால் நேரம் முடிவதற்குள் கடைசி லேப்பைத் தொடங்க முடியவில்லை. அலோன்சோவுக்கு 5 இடம் பின்னே தள்ளும் தண்டனை, அணிக்கு அந்த ரேஸின் அணிப் புள்ளி கிடையாது. சீசன் முடிவில் டிரைவர் பட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதாமல் போன அணி இதுதான்.

இப்போது 2025 மோன்ஸா. வெர்ஸ்டாப்பன் முதலில், நோரிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி மூன்றாவது. பின்னால் லெக்லேர். மறுபடியும் அதே வடிவம்: பின்னாலிருந்த பியாஸ்ட்ரியை முதலில் அழைத்தார்கள். இந்த முறை அழைப்பதற்கு முன்பே நோரிஸிடம் கேட்டார்கள், இதனால் இடம் மாறாது என்று உறுதியும் கொடுத்தார்கள். ஒரே ஒரு லேப் கழித்து அவரையும் அழைத்தார்கள். ஹங்கேரியில் கற்ற பாடம் அப்படியே தெரிகிறது. ஆனால் பியாஸ்ட்ரிக்கு 1.9 நொடியில் முடிந்த பிட், நோரிஸுக்கு முன் இடது சக்கரம் சிக்கி 5.9 நொடி ஆனது. வெளியே வந்தபோது பியாஸ்ட்ரி முன்னால். திருப்பிக் கொடு என்றார்கள். பிட்டில் தாமதமாவதும் ரேஸில் ஒரு பகுதி என்று நாம் முன்பே பேசியிருக்கிறோமே என்று பியாஸ்ட்ரி ரேடியோவில் கேட்டார். கேட்டுவிட்டு, கொடுத்தார்.

அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. அணியின் பதிலிலும் இருந்தது. பின்னாலிருந்தவரை முதலில் அழைத்து வரிசையைத் தலைகீழாக்கியது அணிதான், இடம் மாறாது என்று உறுதி கொடுத்ததும் அணிதான், சரி. ஆனால் இடம் மாறியது வரிசையாலா, சக்கரத்தாலா என்று பிரித்துப் பார்க்கும் விதியை அவர்கள் முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை. இரண்டாவது இடத்துக்கு 18, மூன்றாவதுக்கு 15. அந்த இடமாற்றத்தின் விலை 3 புள்ளி. டிசம்பரில் அபுதாபியில் சீசன் முடிந்தபோது நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. மற்றதெல்லாம் நடந்தபடியே நடந்து பியாஸ்ட்ரி மட்டும் அன்று மறுத்திருந்தால், நோரிஸிடம் 420 இருந்திருக்கும்.